இஸ்திகாரா: முடிவெடுக்கும் முன் அல்லாஹ்விடம் கேட்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பெண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் நல்ல மாதிரி, குடும்பமும் சரிதான், ஆனாலும் வீட்டில் யாருக்கும் மனசு ஒரு பக்கமாகச் சாயவில்லை. இன்னொரு வீட்டில் தோஹாவிலிருந்து வேலை வந்திருக்கிறது. சம்பளம் இப்போது வாங்குவதைப் போல இரண்டு மடங்கு, ஆனால் உம்மாவுக்கு வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். இப்படி நிற்கிறவர்களைப் பார்த்து நம் ஊர்களில் உடனே சொல்வது, "இஸ்திகாரா பண்ணிப் பாருங்க" என்பதுதான்.

சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அந்தப் பெயர் தெரியும். எப்போது செய்வது, எப்படிச் செய்வது, செய்த பிறகு எதை எதிர்பார்ப்பது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். இஷா தொழுதுவிட்டு யாரோடும் பேசாமல் படுக்க வேண்டும் என்பார் ஒருவர். கனவில் பச்சையோ வெள்ளையோ கண்டால் நல்லது, கறுப்போ சிவப்போ கண்டால் விட்டுவிடு என்பார் இன்னொருவர். கனவே வராதவர் என்ன செய்வது என்று கேட்டால் பதில் இருக்காது. பலர் அங்கேயே குழம்பிப்போய், "எனக்கு அல்லாஹ் பதில் சொல்லவில்லை" என்ற வேதனையோடு நின்றுவிடுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த இஸ்திகாராவில் கனவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர்கள் கற்றுத் தந்தது என்ன என்பதைத்தான் இங்கே ஒவ்வொரு படியாகப் பார்க்கப் போகிறோம்.

ஹதீஸ் சொல்வது

ஜாபிர் பின் அப்தில்லாஹ் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹ் புகாரீ என்ற நபிமொழித் தொகுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்களில் வருகிறது. குர்ஆனின் ஒரு அத்தியாயத்தைக் கற்றுத் தருவது போல, எல்லாக் காரியங்களிலும் இஸ்திகாரா செய்வதை நபி (ஸல்) அவர்கள் எங்களுக்குக் கற்றுத் தந்தார்கள் என்கிறார் ஜாபிர். உங்களில் ஒருவர் ஒரு காரியத்தைச் செய்ய நாடினால், கடமையல்லாத இரண்டு ரக்அத் தொழட்டும், பிறகு இந்த துஆவை (வேண்டுதலை) சொல்லட்டும் என்று சொல்லி, துஆவையும் நபியவர்களே சொல்லித் தருகிறார்கள். அவ்வளவுதான். இரண்டு ரக்அத், ஒரு துஆ.

இது எந்தச் சமூகத்துக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பயணமா, வியாபாரமா, போரா, எதற்கும் அம்பு போட்டுக் குறி கேட்டுப் பழகிய மக்கள் அவர்கள். ஓர் அம்பில் "என் இறைவன் ஏவினான்", இன்னொன்றில் "என் இறைவன் தடுத்தான்" என்று எழுதியிருக்கும், மூன்றாவதில் ஒன்றும் இருக்காது என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். மக்காவை விட்டு மதீனாவுக்குப் போன ஹிஜ்ரத்தின்போது பரிசுக்கு ஆசைப்பட்டு நபியவர்களைத் துரத்தி வந்த சுராக்கா பின் மாலிக், குதிரை இடறி விழுந்ததும் அம்புக்கூட்டிலிருந்து குறி அம்புகளை எடுத்துப் போட்டுப் பார்த்தார். அவருக்குப் பிடிக்காததே வந்தது. ஆனாலும் குறியை மீறி மறுபடி ஏறித் துரத்தினார். இதைப் பின்னாளில் அவரே சொல்கிறார், புகாரீயில் பதிவாகியிருக்கிறது. குறி கேட்கிறவனின் மனசை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அவன் கேட்பது தன் ஆசைக்கு ஒரு சம்மதம். சம்மதம் கிடைக்காவிட்டால் மீறிவிடுவான், இல்லையென்றால் மறுபடி போட்டுப் பார்ப்பான்.

குர்ஆன் இந்த அம்புக் குறியைத் தடை செய்தது (5:3, 5:90). ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது கஅபாவுக்குள் இப்ராஹீம், இஸ்மாயீல் (அலை) இருவரின் கைகளிலும் குறி அம்புகள் இருப்பது போன்ற உருவங்கள் இருந்தன. அவர்கள் இருவரும் ஒருபோதும் இவற்றால் குறி கேட்டதில்லை என்று நபியவர்கள் கண்டித்தார்கள். அம்புகளை எடுத்துவிட்ட இடத்தில் தொழுகையும் துஆவும் வந்தன. அதனால்தான் கனவின் நிறம் பார்ப்பது, குர்ஆனைக் கண்ணை மூடித் திறந்து எந்த வசனம் வருகிறது என்று பார்ப்பது, தஸ்பீஹ் மணியை எண்ணி ஒற்றையா இரட்டையா பார்ப்பது இவையெல்லாம் எனக்கு அச்சமூட்டுகின்றன. பெயர் இஸ்திகாரா, உள்ளே இருப்பது பழைய அம்புதான்.

முதல் படி: இது இஸ்திகாராவுக்கு உரிய காரியமா?

ஹராமான (தடுக்கப்பட்ட) ஒன்றைச் செய்யலாமா என்று கேட்க இஸ்திகாரா இல்லை. கைக்கூலி (வரதட்சணை) வாங்கலாமா, வட்டிக்குக் கடன் எடுத்து மாடி கட்டலாமா, பங்காளியின் பங்கை மறைக்கலாமா, இவற்றுக்கெல்லாம் பதில் ஏற்கனவே வந்துவிட்டது. அதேபோல் ஃபர்ளான (கடமையான) ஒன்றை விடலாமா என்று கேட்கவும் இஸ்திகாரா இல்லை. வசதியும் உடல் நலமும் வந்துவிட்டால் ஹஜ் போவதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. எந்த நிறுவனத்தோடு போவது, யாரைத் துணைக்கு அழைப்பது என்பதில் கேட்கலாம்.

மிச்சம் இருப்பது ஆகுமான காரியங்கள். திருமணம், வேலை, படிப்பு, வீடு, வியாபாரக் கூட்டு, ஊர் மாறுவது, அறுவை சிகிச்சைக்கு எந்த மருத்துவமனை என்பது, எல்லாம் இதில் வரும். பெரிய விஷயத்துக்குத்தான் இஸ்திகாரா என்று பலர் நினைக்கிறார்கள். ஜாபிர் (ரலி) சொன்னது "எல்லாக் காரியங்களிலும்" என்று. சின்னதாகத் தெரிந்த ஒன்று பெரிய நன்மைக்கோ பெரிய தீங்குக்கோ வாசலாக இருந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இரண்டாம் படி: விசாரியுங்கள், கேளுங்கள்

அதிகம் பேர் தாண்டிப்போகும் படி இது. விசாரிக்கச் சோம்பல்பட்டு நேரடியாக முஸல்லாவில் போய் நிற்பது தவக்குல் (அல்லாஹ்விடம் பொறுப்பு ஒப்படைப்பது) ஆகாது.

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் சம்பவத்தைப் பாருங்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மணவிலக்குக்குப் பின் காத்திருக்கும் இத்தா காலம் முடிந்ததும் முஆவியா, அபூஜஹ்ம் என்ற இருவர் அவர்களைப் பெண் கேட்டார்கள். அவர் நேராக நபி (ஸல்) அவர்களிடம் வந்து சொன்னார். நபியவர்கள் பூசி மெழுகவில்லை. அபூஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர் (பெண்களை அடிப்பவர்) என்றார்கள். முஆவியா காசில்லாத ஏழை என்றார்கள். உஸாமா பின் ஸைதை மணந்துகொள் என்றார்கள். ஃபாத்திமாவுக்கு உஸாமாவைப் பிடிக்கவில்லை. நபியவர்கள் மறுபடியும் சொன்னார்கள். மணந்துகொண்டார். "அல்லாஹ் அதில் நன்மையை வைத்தான், மற்றவர்கள் பார்த்து ஆசைப்படும் அளவுக்கு இருந்தேன்" என்று பின்னாளில் அவரே சொல்கிறார்.

இதில் நமக்கு இரண்டு விஷயம் கிடைக்கிறது. வரன் விசாரிக்க வருகிறவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். "நல்ல பையன்தான்" என்று மழுப்பிவிட்டு, கல்யாணம் முடிந்தபின் "எனக்கு அப்பவே தெரியும்" என்பது பெரிய அநியாயம். இன்னொன்று, ஆரம்பத்தில் மனசுக்குப் பிடிக்கவில்லை என்பதை மட்டும் வைத்து அல்லாஹ்வின் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் வெறுக்கும் ஒன்று உங்களுக்கு நன்மையாக இருக்கலாம் என்ற 2:216 வசனம் இதைத்தான் சொல்கிறது.

விசாரிப்பது என்றால் விவரமாக விசாரிப்பது. மனை வாங்குவதானால் மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பார்த்து, தெரிந்த வக்கீலிடம் ஒருமுறை காட்டுங்கள். வளைகுடா வேலையானால் ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று இமைக்ரேட் தளத்தில் பாருங்கள். அங்கே ஏற்கனவே வேலை செய்யும் ஒருவரிடம் போனில் பேசி, சம்பளம் மாதா மாதம் வருகிறதா, தங்குமிடம் எப்படி, ஜுமுஆவுக்கு விடுவார்களா என்று கேளுங்கள். வரன் என்றால் அவர் தொழும் பள்ளியில் கேளுங்கள், வேலை செய்யும் இடத்தில் கேளுங்கள், கடன் கொடுத்தவர் யாராவது இருந்தால் அவரிடம் அவசியம் கேளுங்கள். பணம் கொடுக்கல் வாங்கலில் ஒருவர் எப்படி என்று தெரிந்தால் பாதிக் குணம் தெரிந்துவிடும்.

யாரிடம் ஆலோசனை கேட்பது? அந்தத் துறை தெரிந்தவர், மார்க்கப் பேணுதல் உள்ளவர், இந்த முடிவால் லாபமோ நட்டமோ அடையாதவர். மூன்றும் சேர்ந்த ஒருவர் கிடைத்தால் போதும், பத்துப் பேரிடம் கேட்க வேண்டியதில்லை. ஹதீஸ், சட்டக் கலை அறிஞரான இமாம் நவவீ அவர்களும் இந்த வரிசையையே விரும்பினார்கள்: முதலில் நம்பிக்கையானவரிடம் ஆலோசனை, பிறகு இஸ்திகாரா.

இந்தப் படி முடியும்போது உங்கள் கையில் ஒரே ஒரு காரியம் இருக்க வேண்டும். துஆ "இந்தக் காரியம்" என்றுதான் பேசுகிறது. இரண்டு வேலை வந்திருந்தால், இருக்கும் அறிவுக்கும் கேட்ட ஆலோசனைக்கும் எது பொருத்தமாகப் படுகிறதோ அதை எடுத்துக்கொண்டு அதற்காக இஸ்திகாரா செய்யுங்கள். அது விலகினால் அடுத்ததற்குப் போகலாம்.

மூன்றாம் படி: மனசைக் காலி செய்வது

கடினமான படி இது. நாள் குறித்து, மண்டபம் பேசி, ஊரெல்லாம் சொல்லிவிட்டுச் செய்யும் இஸ்திகாரா பெரும்பாலும் வெறும் சடங்காகிவிடுகிறது. கேட்பதற்கு முன்பே மனசு முடிவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும்.

உங்களையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இது எனக்குக் கிடைக்காமல் போனால், அல்லாஹ்வின் தேர்வு என்று ஏற்றுக்கொள்வேனா? "ஏற்றுக்கொள்வேன், ஆனால் அழுவேன்" என்றால் பரவாயில்லை, நாம் மனிதர்கள்தானே. "முடியவே முடியாது" என்று மனசு சொன்னால், முதலில் அந்தப் பிடியைத் தளர்த்தித் தரும்படி அல்லாஹ்விடம் கேளுங்கள். ஒரு நாள் தள்ளிச் செய்வதில் குறை ஒன்றும் இல்லை.

நான்காம் படி: தொழுகை

உளூ செய்து, இஸ்திகாரா சுன்னத் இரண்டு ரக்அத் என்று மனதில் எண்ணி, வழக்கமான சுன்னத் போலத் தொழ வேண்டும். இந்த சூரா தான் ஓத வேண்டும் என்று ஹதீஸில் இல்லை. முதல் ரக்அத்தில் காஃபிரூன், இரண்டாவதில் இக்லாஸ் ஓதுவது நல்லது என்று நவவீ சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு மனப்பாடமான எதையும் ஓதலாம்.

நேரத்தில் கவனம் வேண்டும். ஃபஜ்ர் தொழுத பிறகு சூரியன் உதித்து நன்றாக மேலே வரும் வரையிலும், சூரியன் உச்சியில் நிற்கும்போதும், அஸ்ர் தொழுத பிறகு மஃரிப் வரையிலும் இதைத் தொழக் கூடாது. ஷாஃபிஈ, ஹனஃபீ இரண்டு மத்ஹபிலும் (சட்ட வழியிலும்) இதுதான் நிலை. மற்ற எந்த நேரமும் சரி. இரவின் கடைசி மூன்றில் ஒரு பகுதி துஆ ஏற்கப்படும் நேரம் என்பதால் எழ முடிந்தவர்களுக்கு அது சிறந்தது. தூங்குவதற்கு முன்புதான் செய்ய வேண்டும் என்பதும், செய்தபின் பேசாமல் படுக்க வேண்டும் என்பதும் கனவு எதிர்பார்ப்பிலிருந்து வந்த பழக்கங்கள். பகல் 11 மணிக்குக் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் தொழுதாலும் அது முழுமையான இஸ்திகாராதான்.

பள்ளிக்குள் நுழைந்ததும் தொழும் தஹிய்யத்துல் மஸ்ஜித், ளுஹருடைய சுன்னத் போன்றவற்றைத் தொழும்போதே இஸ்திகாராவையும் நிய்யத்தில் (எண்ணத்தில்) சேர்த்துக்கொள்ளலாம் என்று அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஃபர்ளு தொழுகை மட்டும் போதாது. "கடமையல்லாத இரண்டு ரக்அத்" என்று ஹதீஸ் தெளிவாகச் சொல்கிறது.

ஐந்தாம் படி: துஆ

சலாம் கொடுத்த பிறகு கையேந்தி, அல்ஹம்துலில்லாஹ் என்று புகழ்ந்து, ஸலவாத்து சொல்லி, இந்த துஆவை ஓதுங்கள். மனப்பாடம் இல்லையென்றால் தாளையோ போனையோ பார்த்து ஓதலாம். தமிழ் எழுத்தில் அரபி உச்சரிப்பு முழுதாக வராது, ஒருமுறை ஆலிம்சாவிடம் ஓதிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

"அல்லாஹும்ம இன்னீ அஸ்தகீருக பிஇல்மிக, வஅஸ்தக்திருக பிகுத்ரதிக, வஅஸ்அலுக மின் ஃபள்லிகல் அளீம். ஃபஇன்னக தக்திரு வலா அக்திரு, வதஃலமு வலா அஃலமு, வஅன்த அல்லாமுல் குயூப். அல்லாஹும்ம இன் குன்த தஃலமு அன்ன ஹாதல் அம்ர கைருன் லீ ஃபீ தீனீ வமஆஷீ வஆகிபதி அம்ரீ, ஃபக்துர்ஹு லீ வயஸ்ஸிர்ஹு லீ ஸும்ம பாரிக் லீ ஃபீஹி. வஇன் குன்த தஃலமு அன்ன ஹாதல் அம்ர ஷர்ருன் லீ ஃபீ தீனீ வமஆஷீ வஆகிபதி அம்ரீ, ஃபஸ்ரிஃப்ஹு அன்னீ வஸ்ரிஃப்னீ அன்ஹு, வக்துர் லியல் கைர ஹைஸு கான, ஸும்ம அர்ளினீ பிஹி."

இதன் பொருள்: யா அல்லாஹ், உன் அறிவைக் கொண்டு நல்லதைத் தேர்ந்து தரும்படி உன்னிடம் கேட்கிறேன். உன் ஆற்றலைக் கொண்டு எனக்குச் சக்தி தரும்படி கேட்கிறேன். உன் மகத்தான அருளிலிருந்து கேட்கிறேன். உன்னால் முடியும், என்னால் முடியாது. நீ அறிவாய், நான் அறியேன். மறைவானவற்றை எல்லாம் நன்கு அறிந்தவன் நீ. யா அல்லாஹ், இந்தக் காரியம் என் மார்க்கத்திலும் என் வாழ்க்கையிலும் என் காரியத்தின் முடிவிலும் எனக்கு நல்லது என்று நீ அறிந்திருந்தால், இதை எனக்கு விதித்து, எனக்கு எளிதாக்கி, பிறகு இதில் எனக்கு பரக்கத் செய். இந்தக் காரியம் என் மார்க்கத்திலும் என் வாழ்க்கையிலும் என் காரியத்தின் முடிவிலும் எனக்குக் கெட்டது என்று நீ அறிந்திருந்தால், இதை என்னை விட்டுத் திருப்பிவிடு, என்னையும் இதை விட்டுத் திருப்பிவிடு. நன்மை எங்கே இருந்தாலும் அதை எனக்கு விதித்து, பிறகு அதைக் கொண்டு என்னைத் திருப்திப்படுத்து.

"இந்தக் காரியம்" என்று வரும் இடத்தில், அல்லது துஆவின் முடிவில், உங்கள் தேவையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஹதீஸின் கடைசி வரி அதைத்தான் சொல்கிறது. "என் கல்யாணம்" என்று பொதுவாக விடாமல், இன்ன ஊர் இன்னாரின் மகனோடு பேசப்படும் இந்த நிக்காஹ் என்று சொல்லுங்கள். "வேலை" என்று விடாமல், இந்தக் கம்பெனியில் இந்தப் பதவி, இந்த ஊருக்குக் குடிபோவது என்று சொல்லுங்கள். தமிழில் சொல்லலாம், அல்லாஹ்வுக்கு எல்லா மொழியும் தெரியும்.

கொஞ்சம் நின்று இந்த துஆவைப் படித்துப் பாருங்கள். வரிசையில் முதலில் வருவது மார்க்கம், அப்புறம்தான் பிழைப்பு. சம்பளம் இரண்டு மடங்கானாலும் தொழுகையைத் தொலைக்க வைக்கும் வேலை என்றால், நாம் நம் வாயாலேயே அதை விலக்கும்படி கேட்டுவிட்டோம். அடுத்து, கெட்டதாக இருந்தால் இரண்டு பக்கமும் திருப்பச் சொல்கிறோம். காரியம் மட்டும் விலகி மனசு அங்கேயே கிடந்தால் அது நீண்ட வேதனை. பேச்சு முறிந்துபோன வரனை நினைத்துப் பல மாதம் உருகுகிறவர்களைப் பார்த்திருப்போம். மனசு மட்டும் விலகிக் காரியம் வந்து தலையில் விழுந்தாலும் கஷ்டம்தான். அதனால் இரண்டையும் கேட்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள் நபியவர்கள். கடைசியில் கேட்பது திருப்தி.

முழு துஆவிலும் "எனக்குக் காட்டு" என்ற கோரிக்கை எங்கும் இல்லை. விதி, எளிதாக்கு, பரக்கத் செய், திருப்பு, திருப்திப்படுத்து. எல்லாம் அல்லாஹ் செய்யும் செயல்கள். இதைப் புரிந்துகொண்டால் அடுத்த படியில் குழப்பமே வராது.

ஆறாம் படி: காரியத்தில் இறங்குங்கள்

தொழுது முடித்தாயிற்று. இனி அடையாளத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். எடுத்த முடிவுப்படி அடுத்த வேலையைச் செய்யுங்கள். பெண் வீட்டுக்குப் பதில் சொல்லுங்கள், விண்ணப்பத்தை அனுப்புங்கள், முன்பணம் பேசுங்கள். நல்லதென்றால் எளிதாகும், கெட்டதென்றால் விலகும். நடந்தால்தானே வழி திறந்திருக்கிறதா அடைத்திருக்கிறதா என்று தெரியும்.

நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது ஸஹாபாக்கள் செய்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கபுறை எப்படித் தோண்டுவது என்று கேள்வி வந்தது. மதீனாவில் பக்கவாட்டில் குடைந்து லஹ்து தோண்டுபவர் ஒருவர் இருந்தார், நடுவில் நேராகத் தோண்டுபவர் இன்னொருவர் இருந்தார். "நம் இறைவனிடம் இஸ்திகாரா செய்வோம், இருவருக்கும் ஆள் அனுப்புவோம், யார் முந்தி வருகிறாரோ அவரே தோண்டட்டும்" என்றார்கள். லஹ்து தோண்டுபவர் முந்தி வந்தார். இப்னுமாஜாவில் அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அவ்வளவு பெரிய விஷயத்தில்கூட யாரும் படுத்துக் கனவு காணக் காத்திருக்கவில்லை. கேட்டார்கள், உடனே ஆள் அனுப்பினார்கள்.

ஏழாம் படி: விளைவைப் புரிந்துகொள்வது

இங்கே அறிஞர்களிடையே இரண்டு கருத்து உண்டு. இஸ்திகாராவுக்குப் பின் மனசு எதற்கு விரிகிறதோ அதைச் செய்யட்டும் என்கிறார் நவவீ. இஸ்ஸுத்தீன் பின் அப்திஸ்ஸலாம், அதன்பின் எது அமைகிறதோ அதுதான் நன்மை என்கிறார். இப்னு ஹஜர் அஸ்கலானீ ஓர் எச்சரிக்கை சேர்க்கிறார்: இஸ்திகாராவுக்கு முன்பே ஆசையால் மனசு சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வைப் பதிலாக எடுக்கக் கூடாது.

எனக்கு இஸ்ஸுத்தீன் அவர்களின் கருத்துதான் துஆவின் சொற்களோடு அதிகம் பொருந்துவதாகப் படுகிறது. மனசு ஒரு நாளைக்கு நாலு விதமாக மாறும். தூக்கம் கெட்ட இரவுக்கு அடுத்த நாள் எல்லாமே தவறாகத் தெரியும். ஆனால் தொடர்ந்து, காரணம் புரியாமலே, ஒரு கனம் நெஞ்சில் இறங்காமல் இருந்தால் அதையும் தள்ளிவிட வேண்டாம். மறுபடி விசாரியுங்கள், மறுபடி தொழுங்கள்.

சின்னத் தடங்கலையெல்லாம் "விலக்கிவிட்டான்" என்று எடுத்துக்கொள்வதும் தவறு. பத்திர அலுவலகத்தில் சர்வர் வேலை செய்யவில்லை, இரண்டு நாள் கழித்து வா என்றால் அது சர்வர் பிரச்சினை. மருத்துவப் பரிசோதனையில் விசா மறுக்கப்பட்டது, மனையின் பத்திரத்தில் இன்னொரு வாரிசு வெளியே வந்தார், மாப்பிள்ளை வீட்டார் நிக்காஹுக்கு ஒரு வாரம் முன்பு திடீரென்று நகை கேட்டார்கள், இவை கதவு அடைபடுவது. இவற்றை முட்டித் திறக்க வேண்டாம்.

ஒரு முறை போதுமா?

போதும். தெளிவு இல்லையென்றால் திரும்பவும் செய்யலாம். ஏழு முறை செய்யச் சொல்லும் ஓர் அறிவிப்பு மிகவும் பலவீனமானது, அதைக் கணக்காக வைக்க வேண்டாம். ஆனால் அன்று மக்காவை ஆண்டுவந்த இப்னு ஸுபைர் (ரலி) செய்தது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. உமையா கலீஃபா யஸீதின் காலத்து முற்றுகையில் கஅபா தீப்பிடித்துச் சேதமானது. அதை இடித்துக் கட்டுவதா, பழுது மட்டும் பார்ப்பதா என்று அவர் மக்களிடம் ஆலோசனை கேட்டார். பழுது பார்த்தால் போதும் என்றார் இப்னு அப்பாஸ் (ரலி). "உங்களில் ஒருவர் வீடு எரிந்தால் புதிதாகக் கட்டாமல் விடுவீர்களா, இது உங்கள் இறைவனின் இல்லம் அல்லவா? நான் என் இறைவனிடம் மூன்று முறை இஸ்திகாரா செய்துவிட்டு முடிவெடுப்பேன்" என்றார் இப்னு ஸுபைர். மூன்றும் முடிந்தது, இடிப்பதென்று தீர்மானித்தார். முதலில் மேலே ஏறுகிறவர் மீது வானத்திலிருந்து ஏதாவது இறங்கிவிடுமோ என்று எல்லோரும் பயந்து நின்றார்கள். ஒருவர் ஏறி ஒரு கல்லைக் கழற்றிப் போட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டதும் மற்றவர்களும் ஏறினார்கள். ஆலோசனை, இஸ்திகாரா, தீர்மானம், அதன்பின் செயல். வரிசை அப்படியே இருக்கிறது.

கெடு இருக்கும் விஷயத்தில் கடைசித் தேதிக்குள் முடிவு எடுத்துவிடுங்கள். இஸ்திகாரா செய்துகொண்டே இருப்பது முடிவைத் தள்ளிப்போட ஒரு சாக்காகிவிடக் கூடாது.

நமக்காக வேறொருவர் செய்யலாமா?

"உங்களில் ஒருவர் நாடினால்" என்று காரியத்துக்கு உரியவரிடம்தான் ஹதீஸ் பேசுகிறது. துஆவும் "எனக்கு, என் மார்க்கத்தில்" என்றே இருக்கிறது. பிறருக்காகச் செய்யலாம் என்று சொன்ன அறிஞர்கள் உண்டு. அதை மறுக்கவில்லை, பெற்றோர் பிள்ளைக்காக துஆ கேட்பது பெரிய பாக்கியம். ஆனால் பெயரையும் தாய் பெயரையும் வாங்கிக்கொண்டு, பணமும் வாங்கிக்கொண்டு, மறுநாள் "வேண்டாம், செய்வினை இருக்கிறது" என்று சொல்லும் ஆட்களிடம் போகாதீர்கள். அது குறி சொல்வது. அதனால் நல்ல வரன்களும் உடைந்திருக்கின்றன, நல்ல குடும்பங்களுக்குள் சந்தேகமும் புகுந்திருக்கிறது.

அதைவிட அதிகமாக நடக்கும் ஒரு குறை நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. வாப்பா இஸ்திகாரா செய்வார், உம்மா செய்வார், பெரியம்மா செய்வார். வாழப்போகிற பெண்ணிடம் மட்டும் "நீ தொழுது கேட்டியாம்மா?" என்று யாரும் கேட்பதில்லை. ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் சம்பவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நபி (ஸல்) அவர்கள் பெண் கேட்டதைச் சொல்ல ஸைத் (ரலி) வந்தபோது அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும், "என் இறைவனிடம் கேட்காமல் நான் எதுவும் செய்யப்போவதில்லை" என்று எழுந்து தொழும் இடத்துக்குப் போய்விட்டார். பெண் கேட்டது அல்லாஹ்வின் தூதர். அப்போதும் அவர் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல நினைத்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. நம் மகள்களுக்கு இந்த துஆவைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொடுத்து, வரன் வரும்போது அவர்களுக்கு நேரமும் கொடுக்க வேண்டும். விருப்பமில்லாமல் தகப்பன் செய்து வைத்த கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் திருமணத்தை நபியவர்கள் ரத்து செய்தார்கள் என்பதையும் பெற்றோர் மறக்க வேண்டாம்.

மாதவிடாய் நாளில் தொழுகை இல்லை, துஆ உண்டு. காத்திருக்க முடியாத முடிவென்றால் துஆவை மட்டும் ஓதிக்கொள்ளலாம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கையெழுத்துக் கேட்கும்போதும், தொழ நேரமே இல்லாத மற்ற இடங்களிலும் இதேதான் வழி.

செய்த பிறகும் கஷ்டம் வந்தால்?

இஸ்திகாரா செய்து கட்டிய கல்யாணத்தில் பிரச்சினை வருகிறது. இஸ்திகாரா செய்து சேர்ந்த கம்பெனி மூடப்படுகிறது. "அப்போ என் துஆ என்ன ஆச்சு?" என்ற கேள்வி வரும். அதைக் கேட்பவரிடம் கோபப்படக் கூடாது.

உஹதுப் போரை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 3. மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது நபியவர்களின் எண்ணம். வெளியே போய்ப் போரிடுவோம் என்றார்கள் இளைஞர்கள். ஆலோசனையின்படி வெளியே போக முடிவானது. 70 பேர் ஷஹீதானார்கள், நபியவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) உட்பட. அந்த உஹதுக்குப் பிறகு இறங்கிய வசனம் ஆலோசனையை நிறுத்தச் சொல்லவில்லை. அவர்களை மன்னியுங்கள், அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கேளுங்கள், காரியத்தில் அவர்களோடு ஆலோசியுங்கள், தீர்மானித்துவிட்டால் அல்லாஹ்வின் மீது பொறுப்பு ஒப்படையுங்கள் என்றது (3:159). சரியான முறையில் எடுத்த முடிவும் வலியைக் கொண்டுவரலாம். துஆவில் நாம் கேட்டது கஷ்டமில்லாத வாழ்க்கையை அல்ல, மார்க்கத்திலும் வாழ்விலும் முடிவிலும் நன்மையை. முடிவு இன்னும் வரவில்லை.

"அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காதே" என்று சொல்வது ஷைத்தானின் வேலைக்குக் கதவு திறக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அதற்குப் பதிலாகச் சொல்லச் சொன்னது: கதருல்லாஹி வமா ஷாஅ ஃபஅல், இது அல்லாஹ்வின் விதி, அவன் நாடியதைச் செய்தான். இதைச் சொல்வதற்காக அநியாயத்தைச் சகித்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. கணவன் அடிக்கிறான் என்றால், முதலாளி ஐந்து மாதச் சம்பளம் தரவில்லை என்றால், "இஸ்திகாரா செய்துதானே வந்தோம்" என்று பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டாம். அதிலிருந்து எப்படி வெளியே வருவது, யாரிடம் முறையிடுவது, எப்போது கிளம்புவது என்பது புதிய காரியம். அதற்கும் விசாரியுங்கள், தெரிந்தவரிடம் கேளுங்கள், இரண்டு ரக்அத் தொழுங்கள்.